மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டர் நழுவாமல் இருக்க: பஞ்ஜி கயிறு கட்டும் முறை

டைவ் கம்ப்யூட்டர் என்பது தண்ணீருக்கடியில் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் மணிக்கட்டுக் கருவி. பஞ்ஜி என்பது உறை போட்ட, இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணா, ரப்பர் டக் என்ற காற்றடைத்த படகில் ஏறும்போது டைவ் கம்ப்யூட்டரின் வார் கழன்றுவிட்டது, ஊசி பிய்ந்துவிட்டது. படகுக்குள்ளேயே விழுந்ததால் தப்பித்தேன். பஞ்ஜி கயிறு போடு என்கிறார்கள். எந்தக் கயிறு, எவ்வளவு நீளம், எப்படி முடிச்சுப் போடுவது? அதிகம் போவது அலிவால் ஷோல், லீவு கிடைத்தால் சொட்வானா, வருஷத்துக்கு ஒருமுறை கேப் டவுன். ஒரே கட்டு மூன்றுக்கும் ஆகுமா?"

அலிவாலும் சொட்வானாவும் வெதுவெதுப்பான கடலில் உள்ள டைவ் இடங்கள், இரண்டுக்கும் ஒரே கட்டு ஆகும். குளிர்ந்த தண்ணீர் உள்ள கேப் டவுனுக்குத் தனியாக ஒரு ஜோடி வேண்டும். ஏன் என்பது கணக்கில் தெரியும். அதற்கு முன், வார் ஏன் கைவிட்டது என்று பார்த்துவிடலாம். அது புரியாமல் பஞ்ஜி போட்டால் அதே தவறைக் கயிற்றிலும் செய்வீர்கள்.

கைக்கடிகார மாதிரி வாரை இரு பக்கமும் பிடித்திருப்பது மெல்லிய ஸ்பிரிங் ஊசி. உப்பு உள்ளே போய் ஸ்பிரிங்கை அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டில் ஒன்று போனாலே கம்ப்யூட்டர் கையை விட்டுப் போய்விடும். அதாவது, முழுக் கருவியும் தொங்குவது அதன் மிகப் பலவீனமான ஒரே துண்டில்.

இரண்டாவது குறை ஆழத்தில் வருவது. வெட்சூட் என்னும் டைவ் உடையின் நியோப்ரீன் ரப்பர்த் துணி முழுக்கக் காற்றுக் குமிழிகள். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், குமிழியில் உள்ள காற்று கால் பங்காகச் சுருங்கிவிடும். ரப்பர் பகுதி சுருங்காது என்பதால் துணி அவ்வளவு மெலியாது. ஆனாலும் 5 மி.மீ. சூட் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். தடிமன் 2.5 மி.மீ. குறைந்தால் மணிக்கட்டின் சுற்றளவு சுமார் 1.6 செ.மீ. குறைகிறது. கரையில் இறுக்கமாகப் பூட்டிய பக்கிள் அங்கே ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். கம்ப்யூட்டர் மணிக்கட்டின் அடிப்பக்கம் சுழன்று போகும். ஆழத்துக்கு ஏற்றபடி இறுக்கிப் பூட்டினாலோ படகிலேயே விரல் மரத்துவிடும்.

பஞ்ஜி கயிறு இந்த இரண்டையும் தீர்க்கும், சரியாகக் கட்டினால் மட்டும். சரியாக என்றால் இரண்டு விஷயம்: ஒன்றையொன்று நம்பாத இரண்டு தனித்தனி வளையங்கள், சூட் மிக மெலிந்திருக்கும் நேரத்தைக் கணக்கில் கொண்ட நீளம். மீதி எல்லாம் கைவேலை.

தனித்தனி வளையம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு துளை உள்ள கருவியில் ஒரே நீளக் கயிற்றை எல்லாத் துளையிலும் கோத்து, கடைசியில் இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சு போட்டுவிடுவார்கள். பார்க்க இரண்டு வளையம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரே கயிறு. எங்கே அறுந்தாலும், அந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும், முழுக் கயிறும் துளைகள் வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். வாரில் இருந்த ஒற்றைப் பலவீனத்தை அப்படியே கயிற்றுக்கு மாற்றியதுதான் மிச்சம். விரல் பக்கம் ஒரு துண்டு, முழங்கைப் பக்கம் ஒரு துண்டு, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இரண்டு முடிச்சு. மொத்தம் நான்கு முடிச்சில் எது போனாலும் கருவி கையில் தொங்கிக்கொண்டிருக்கும், போனதும் உடனே தெரியும்.

கயிறு வாங்க டைவ் கடைக்கே போக வேண்டியதில்லை. டர்பனில் படகுச் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், சில தூண்டில் கடைகளிலும் வைத்திருப்பார்கள். ஹார்டுவேர் கடையில் இரண்டு முனையிலும் கொக்கி வைத்து விற்கும் சாமான் கட்டும் கயிறு வேண்டாம். அதன் உறைப் பின்னல் தளர்ந்தது, உள்ளே ரப்பர் குறைவு. நல்ல கயிற்றின் வெட்டு முனையைப் பார்த்தால் ரப்பர் இழைகள் இடைவெளி இல்லாமல் அடைந்திருக்கும், உறை ரப்பரை ஒட்டிப் பிடித்திருக்கும். உறை பாலியெஸ்டராக இருந்தால் வெயிலைத் தாங்கும். நைலானும் பரவாயில்லை, ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும், நனைந்ததும் நீளம் கொஞ்சம் மாறும். கடையிலேயே ஒரு சாண் அளவை இரண்டு மடங்கு இழுத்து விட்டுப் பாருங்கள். உடனே பழைய நீளத்துக்குத் திரும்பாத கயிறு பழைய சரக்கு.

தடிமன் 4 மி.மீ. போதும். 3 மி.மீ. மணிக்கட்டை அறுக்கும், முடிச்சும் சிறியதாகி துளைக்குள் நழுவும். 6 மி.மீ. விறைப்பாக இருக்கும், பல கருவிகளின் துளைக்குள் போகவே போகாது. பெரிய திரை உள்ள கனமான கம்ப்யூட்டராக இருந்து துளையும் இடம் கொடுத்தால் 5 மி.மீ. போடலாம். ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் போன்றவற்றில் வாரும் போடலாம், பஞ்ஜியும் போடலாம். அப்படிப்பட்ட கருவி என்றால் உடன் வரும் கையேட்டில் சொன்ன தடிமனையே வாங்குங்கள். வெள்ளை நிறம் சீக்கிரம் அழுக்காகும் என்று பலர் கறுப்பை எடுப்பார்கள். எனக்கு வெள்ளைதான் பிடிக்கும். உறை பிசிறுவது அதில் முதலில் தெரியும்.

இனி நீளம். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மணிக்கட்டை அளந்து அதில் முக்கால் பங்கு என்று ஒரு குத்துமதிப்பு வைப்பார்கள். ஆனால் வளையத்தில் நீள்வது கயிறு மட்டும்தான், கருவி நீளாது. கருவியின் அகலம் போக மிஞ்சிய தூரத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு உதாரணம். வெறும் மணிக்கட்டு 17 செ.மீ. அலிவாலுக்கு 5 மி.மீ. சூட் போட்டால் சுமார் 20 செ.மீ. கருவியில் எதிரெதிர்த் துளைகளுக்கு நடுவே 6 செ.மீ. என்றால், கயிறு மூட வேண்டிய தூரம் 14 செ.மீ. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மெல்லிய கையுறையோடு கையின் அகலமான இடத்தை அளந்தால் 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வளையத்தைக் கைக்கு மேல் தள்ளும்போது கயிறு 18 செ.மீ.க்கு நீள வேண்டும். ஆழத்தில் சூட் மெலிந்ததும் மணிக்கட்டு 18.4 ஆகிவிடும், கயிற்றின் பங்கு 12.4.

இப்போது இழுக்காத கயிறு 13 செ.மீ. இருந்தால் கரையில் இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் 30 மீட்டரில் 12.4 செ.மீ. தூரத்துக்கு 13 செ.மீ. கயிறு, அதாவது தொளதொளவென்று ஆகிவிடும். பஞ்ஜி போட்டும் கம்ப்யூட்டர் சுற்றுகிறது என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள். 10 செ.மீ. வைத்தால் மேற்பரப்பில் 40 சதவீத இழுப்பு (இழுக்காத நீளத்தைவிட அவ்வளவு நீண்டு நிற்கும்), கையில் மாட்டும்போது 80 சதவீதம். விரல் மரக்கும், மாட்டுவதும் மல்யுத்தம்தான். 11 செ.மீ. சரியாக வருகிறது: மேற்பரப்பில் சுமார் 27 சதவீதம், ஆழத்தில் 13, மாட்டும்போது 64. இந்த வகைக் கயிறு இரண்டு மடங்கு வரை நீளும் என்பதால் மாட்டும்போதும் எல்லைக்குள்தான் நிற்கிறது. உங்கள் கையையும் கருவியையும் அளந்து இதே போல் போட்டுப் பாருங்கள். ஆழத்தில் 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, மாட்டும்போது 75ஐத் தாண்டக்கூடாது.

கை முழங்கையை நோக்கித் தடித்துக்கொண்டே போவதால் முழங்கைப் பக்க வளையத்துக்கு 1 செ.மீ. கூட வையுங்கள். இந்த உதாரணத்தில் விரல் பக்கம் 11, முழங்கைப் பக்கம் 12. இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் பின் வளையம் கருவியை மெல்ல மெல்ல விரல் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சொட்வானாவில் முழுக்கை 3 மி.மீ. சூட் போட்டால் மணிக்கட்டு 19 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் துணி மெலிவதும் குறைவு. 30 மீட்டரில் இழுப்பு 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்தாலும், அதே 11 செ.மீ. கயிறு அங்கேயும் நிற்கும். அரைக்கை சூட், வெறும் கை என்றால் நிற்காது. கயிறு மூட வேண்டிய தூரமும் 11தான், இழுப்பே இருக்காது. அப்போது கருவியை முழங்கைப் பக்கம் ஏற்றிப் போடுங்கள், இல்லையென்றால் முழுக்கை ரேஷ் கார்டு (தோலைக் காக்கும் மெல்லிய சட்டை) போட்டு முன்கையின் தடித்த இடத்தில் நிறுத்துங்கள். வெறும் தோலில் உறை உரசிச் சிவப்பதும் அதனால் குறையும்.

கேப் டவுன் வேறு கணக்கு. 7 மி.மீ. சூட், அதற்கு மேல் 5 மி.மீ. கையுறையின் விளிம்பு. மணிக்கட்டு 24.5 செ.மீ. வரை போகும். மொத்தம் 12 மி.மீ. நியோப்ரீன் பாதியானால் சுற்றளவு 3.8 செ.மீ. குறைகிறது. தடித்த சூட்டுக்குத் தளர்வாகக் கட்டலாம் என்று தோன்றும், விஷயம் தலைகீழ். எவ்வளவு தடிப்போ அவ்வளவு மெலியும், அதனால் மேற்பரப்பில் இன்னும் அதிக இழுப்போடு தொடங்க வேண்டும். இந்த அளவுக்கு 13 செ.மீ. கயிறு: மேலே 42 சதவீதம், ஆழத்தில் 13. தடித்த நியோப்ரீன் நடுவில் இருப்பதால் அந்த 42 கையில் உறைக்காது. நியோப்ரீன் அல்லாத துணியில் செய்த டிரைசூட் (உடம்பு நனையாத உடை) என்றால் மெலிவது பிரச்சினையில்லை. ஆனால் தண்ணீர் புகாமல் பிடிக்கும் மணிக்கட்டு சீலின் மேல் வளையம் உட்காரக்கூடாது. சீல் மடிந்தால் தண்ணீர் உள்ளே ஒழுகும். சீலைத் தாண்டி முன்கைத் துணியின் மேல் போடுங்கள். உலர் கையுறையும் சேர்த்து அணிபவர்கள் கையுறைக்குள் காற்று போகும் வழியை வளையம் அடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கயிறு எவ்வளவு வெட்டுவது? ஒரு வளையத்துக்கு 35 செ.மீ. துளையின் ஆழம், 4 மி.மீ. கயிற்றில் '8' வடிவ முடிச்சு ஒவ்வொன்றும் விழுங்கும் 6 செ.மீ. வரையான நீளம், குறடால் பிடித்து இழுக்க நுனி, எல்லாம் இதில் அடங்கும். இரண்டு ஜோடிக்கும் சேர்த்து 2 மீட்டர் வாங்கினால் உதிரிக்கும் மிஞ்சும்.

வெட்டுவதற்கு முன் கயிற்றை ஒரு இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். நனைந்து மாறும் நீளம் மாறிவிடட்டும், அளவு அதற்குப் பிறகு. வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, டேப்பின் நடுவில் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. கருவியின் துளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் மெல்லிய கூர் விளிம்பு அடிக்கடி இருக்கும், அது உறையை நாள்தோறும் அரம் போல் தேய்க்கும். 400 நம்பர் உப்புத்தாளைச் சுருட்டி நாலு தடவை தேய்த்தால் போய்விடும். தேய்க்கும்போது திரையை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள்.

ஒரு நுனியில் '8' வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். சாதாரண ஒற்றை முடிச்சு சிறியது, இழுப்பில் துளைக்குள் வழுக்கும். மறு நுனியைக் கருவியின் வெளிப்பக்கத்திலிருந்து துளைக்குள் விட்டு, அடியில் சுற்றி, எதிர்த் துளையில் வெளியே எடுங்கள். இழுக்காத நிலையில், துளையிலிருந்து துளை வரை 11 செ.மீ. வரும் இடத்தில் மார்க்கரால் குறி போடுங்கள். குறிக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு '8' வடிவ முடிச்சைத் தளர்வாகப் போட்டு, ஒரு ஆணி முனையால் முடிச்சைக் குறி வரை நகர்த்துங்கள். பிறகு நுனியைக் குறடால் பிடித்து, வளையப் பக்கத்தை நன்றாக இழுத்தபடியே இறுக்குங்கள்.

இழுத்தபடி இறுக்குவது முக்கியம். பஞ்ஜி நீளும்போது மெலியும். தளர்ந்த கயிற்றில் எவ்வளவு இறுக்கிப் போட்ட முடிச்சும், கயிறு மெலிந்ததும் தானாகத் தொய்யும். மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, பத்துப் பதினைந்து டைவில் முடிச்சு நுனி வரை ஊர்ந்து வந்து ஒருநாள் அவிழும். கயிறு மெலிந்திருக்கும்போதே இறுக்கினால், தளரும்போது கயிறு தடித்து முடிச்சு தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். சில கருவிகளில் வளையத்தை மூடிய வட்டமாக, இரு நுனியையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு இரட்டை மீனவர் முடிச்சு. அட்டைப்பெட்டி கட்டும் சதுர முடிச்சு ரப்பர் கயிற்றில் நிற்காது.

நுனியை உடனே வெட்டிவிடாதீர்கள். சோதித்த பிறகு வெட்டலாம். சோதனைக்கு அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் போதும். அதன் விட்டம் பெரும்பாலும் 6.5 செ.மீ. அளவில் இருக்கும், அதாவது சுற்றளவு 20 செ.மீ. சூட் போட்ட மணிக்கட்டுக்கு ஏறக்குறைய அதே அளவு. தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலில் கருவியை மாட்டி ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் முடிச்சு 3 முதல் 5 மி.மீ. உட்கார்ந்திருக்கும், வளையம் அந்த அளவுக்கு நீண்டிருக்கும். ஆணியால் திரும்ப நகர்த்தி இன்னொரு முறை இறுக்குங்கள். பிறகு மீன் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு, டர்பனில் எந்தத் தூண்டில்காரர் வீட்டிலும் இருக்கும், அதன் கொக்கியை ஒவ்வொரு வளையத்திலும் தனித்தனியாக மாட்டி 5 கிலோ காட்டும் வரை இழுத்து வைத்துப் பாருங்கள். முடிச்சு துளைக்குள் இறங்கக்கூடாது. இறங்கினால் துளை பெரிது. முடிச்சுக்கும் கருவிக்கும் நடுவே சிறிய ஸ்டெயின்லெஸ் வாஷர் ஒன்றைக் கோத்துவிடுங்கள். இதே போல் திசைகாட்டியைக் கட்டினால் அதற்கு மட்டும், உலோகம் ஊசியைப் பாதிக்காமல் இருக்க, நைலான் வாஷர்.

இப்போது நுனி. 12 மி.மீ. விட்டு வெட்டி, உறையைப் பின்னுக்குத் தள்ளி, உள்ளே இருக்கும் ரப்பரை 3 மி.மீ. நறுக்கி எடுத்துவிட்டு, உறையை முன்னுக்கு இழுங்கள். காலியான உறையை மட்டும் லைட்டர் சுடரின் ஓரத்தில் காட்டி உருக்கி, பழைய ஸ்பூனின் பின்புறத்தால் அமுக்குங்கள், விரலால் அல்ல. ரப்பரோடு சேர்த்துக் கொளுத்தினால் கரி பிடித்த பிசுபிசுப்பு ஒன்று வரும், காய்ந்ததும் உடைந்து உறை பிரிந்துவிடும். நுனியை இதைவிட நீளமாக விடாதீர்கள். 1974இல் மூழ்கிய 'ப்ரொட்யூஸ்' கப்பல் அலிவாலுக்குப் பக்கத்தில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, அதைப் பார்க்க நிறையப் பேர் இறங்குகிறார்கள். துருப்பிடித்த இரும்பு விளிம்பும் தூண்டில் நரம்பும் உள்ள இடத்தில் தொங்கும் நுனி எதையாவது பிடித்துக்கொள்ளும். கேப் டவுனின் கெல்ப் என்ற நீளமான கடற்பாசிக் காட்டுக்குள்ளும் அப்படியே.

சிலர் கயிற்றுப் பூட்டு, அந்த அமுக்கினால் நகரும் பிளாஸ்டிக் பொத்தான், போட்டு நீளத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், இழுப்பில் வழுக்கும், பொத்தானே எங்காவது மாட்டும். வேண்டாம். கேப் டவுனுக்குப் போகும் முன் இரண்டு கயிற்றைக் கழற்றி வேறு இரண்டைக் கோப்பது பத்து நிமிட வேலை. வளையங்களை மணிக்கட்டுக்கு அடியில் குறுக்காகப் போடுவதும் அதிகம் உதவாது. சுழல்வது கொஞ்சம் குறையும், மாட்டுவது இரண்டு மடங்கு கஷ்டமாகும். சுழல்கிறது என்றால் நீளம் தவறு என்று அர்த்தம். அறுவைசிகிச்சை ரப்பர் குழாய் பிடிப்பாக இருக்கும், ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் வெடிக்கும். உறை இல்லாததால் ஒரு கீறல் போதும், முழுக்க அறுந்துவிடும்.

எந்தக் கையில் போடுவது? கம்ப்யூட்டர் வலது மணிக்கட்டு, திசைகாட்டி இடது மணிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறும்போது, பிசிடியின் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) காற்றை வெளியேற்ற இடது கை அதன் இன்ஃப்ளேட்டர் குழாயைத் தூக்கிப் பிடித்திருக்கும். அதே கையில் கம்ப்யூட்டர் இருந்தால், ஆழத்தையும் ஏறும் வேகத்தையும் மிக அதிகமாகப் பார்க்க வேண்டிய நேரத்தில் திரை தலைக்கு மேலே இருக்கும். இன்னொன்று, நம் ஊரில் மிதவைக் கயிற்றுச் சுருளைப் பிடித்துக்கொண்டு போகும் வழக்கம். சுருள் பிடிப்பவர் அந்தக் கையில் கருவி வைக்காமல் இருப்பது நல்லது. நீரோட்டம் இழுக்கும்போது கயிறு வளையத்துக்குள் நுழைந்துகொள்ளும்.

மாட்டும்போது கையுறை முதலில், பிறகு கருவி. கையுறை விளிம்புக்கு மேல் வளையம் உட்கார்ந்தால் இரண்டும் நகராது. முழங்கைப் பக்க வளையத்தை முதலில் தள்ளுங்கள், பிறகு விரல் பக்கம். இரண்டையும் ஒன்றாகத் தள்ள முயன்றால் கயிறு முறுக்கிக்கொள்ளும்.

உங்கள் வார் போனது தண்ணீரில் அல்ல, படகில் ஏறும்போது. பஞ்ஜியும் கழன்று போவதென்றால் பெரும்பாலும் அங்கேதான். இங்கே ஏணி கிடையாது. ரப்பர் டக்கின் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எடை பெல்ட்டைக் கொடுத்து, பிசிடியைக் கழற்றிக் கொடுத்து, கால் துடுப்பை உதைத்துப் படகின் பக்கவாட்டுக் காற்றுக்குழாய் மேல் வயிற்றைப் போட்டு ஏற வேண்டும். இதில் இரண்டு ஆபத்தான கணங்கள். முதலாவது, பிசிடியின் தோள்பட்டையிலிருந்து கையை உருவுவது. பட்டை முழங்கையிலிருந்து விரல் நோக்கி உரசிக்கொண்டு வரும், கருவியை அப்படியே வழித்துக்கொண்டு போகும். பஞ்ஜி நீளும் என்பதே இங்கே எதிரியாகிறது, அறுந்துபோகாமலேயே கையை விட்டு வெளியேறிவிடும். தோள்பட்டை பக்கிளை முழுக்கத் திறந்து, கருவி இல்லாத கையை முதலில் உருவி, அந்தக் கையால் கம்ப்யூட்டரை மூடிப் பிடித்துக்கொண்டு மறுகையை எடுங்கள். இரண்டாவது, குழாய் மேல் சரிந்து ஏறுவது. அதற்கு முன் கருவியை நான்கு விரல் அளவு முழங்கைப் பக்கம் ஏற்றி, திரையை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிடுங்கள். தடித்த இடத்தில் வளையம் தானாக இறுகும், பக்கக் கயிறும் முடிச்சில் மாட்டாது. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் படகு வெளியே போகும்போதும் அப்படியே திருப்பி வையுங்கள், இல்லையென்றால் சிலிண்டரில் மோதித் திரை கீறும்.

ப்ரோட்டியா பாங்க்ஸ் போல ஆழமும் நீரோட்டமும் சேர்ந்த இடத்துக்குப் போகிறவர்கள், கருவியிலிருந்து பிசிடி வளையத்துக்கு ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டலாமா என்று கேட்பதுண்டு. கை நீட்டும் அளவுக்குத் தொங்கும் கயிறு சிக்கும், பிசிடியைக் கழற்றும்போது அதுவே கருவியைப் பிடுங்கும். தனித்தனி இரண்டு வளையம் இருந்தால் மூன்றாவது தேவையில்லை. ஒரு வளையம் தண்ணீருக்குள் அறுந்தால் கருவியை மறுகையால் பிடித்து, கூட்டாளிக்குக் காட்டி, டைவை முடித்துக்கொண்டு வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். மிஞ்சிய வளையத்தை நம்பி டைவைத் தொடர்வது சரியல்ல. கம்ப்யூட்டரே போய்விட்டால் கூட்டாளியோடு நெருக்கமாக ஏறி 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். அன்றைக்கு அடுத்த டைவ் வேண்டாம். கூட்டாளியின் திரை அவர் போன ஆழத்தைத்தான் சொல்லும்.

உங்கள் கம்ப்யூட்டரில் நான்கு துளை இல்லாமல் வெறும் கைக்கடிகார மாதிரியாக இருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்திருப்பீர்கள். பல மாடல்களுக்குப் பஞ்ஜி துளையோடு பக்கத்துண்டு தனியாகக் கிடைக்கும், திருகாணியால் பூட்டுவது. அதுதான் நல்லது. ஸ்பிரிங் ஊசியை அப்படியே வைத்துக்கொண்டு அதைச் சுற்றிக் கயிறு கட்டினால் பழைய பலவீனம் அப்படியே இருக்கிறது. பக்கத்துண்டு கிடைக்காத சிறிய கடிகாரக் கருவிக்குப் பஞ்ஜியே வேண்டாம் என்பேன். இரண்டு ஊசிக்கும் அடியில் ஒரே துண்டாக ஓடும் நேட்டோ நைலான் வார் போடுங்கள், ஒரு ஊசி போனாலும் கடிகாரம் வாரிலேயே தொங்கும். 3டி பிரிண்டில் அச்சடித்த சட்டம் வாங்குவதானால் பிஎல்ஏ பிளாஸ்டிக் கூடாது. அது 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும், டர்பன் வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்கு அது எட்டாத சூடல்ல. பிஇடிஜி அல்லது ஏஎஸ்ஏ கேளுங்கள். கருவியின் உடம்பில் நீங்களே துளை போடவே கூடாது. ரப்பர் உறையில் உட்காரும் பழைய ஆழமானி என்றால் உறையின் விளிம்பில் மட்டும், ஓரத்திலிருந்து 7 மி.மீ. உள்ளே துளைக்கலாம்.

திசைகாட்டியையும் இதே முறையில் கட்டலாம், சூன்டோ எஸ்கே-8க்குப் பஞ்ஜி சட்டத்தோடே வரும் வகை உண்டு. வாங்கும்போது தென் அரைக்கோளத்துக்குச் சமன் செய்ததா என்று பாருங்கள். சென்னையிலோ லண்டனிலோ வாங்கி வந்த வட அரைக்கோள ஊசி இங்கே ஒரு பக்கம் சாய்ந்து அடியில் உரசும், கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. கம்ப்யூட்டரை மேசையில் வைத்த திசைகாட்டிக்கு அருகே மெல்லக் கொண்டுவந்து, எந்த இடத்தில் ஊசி அசைகிறது என்று பாருங்கள். ஒரே கையில் இரண்டையும் போட நினைப்பவர்கள் அந்தத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும். மேலே ஊற்றினால் மட்டும் போதாது, உறைக்குள் காய்ந்த உப்புப் படிகம் ரப்பர் இழைகளை அறுக்கும். நிழலில், எதிலும் மாட்டாமல் காயவையுங்கள். சிலிண்டர் வால்வில் இழுத்து மாட்டிவிட்டுப் போவது எல்லோருக்கும் பழக்கம், ஒரு வார இறுதி முழுக்க நீட்டி வைத்த கயிறு பழைய நீளத்துக்கு வராது. சன்ஸ்கிரீனும் எண்ணெயும் ரப்பருக்கு ஆகாது, பூசிய கையால் கயிற்றைத் தொட வேண்டாம்.

புதுக் கயிறு போட்டதுமே துளையிலிருந்து துளை வரை இழுக்காத நீளத்தைக் கருவியின் பெட்டி மூடியில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். 11 செ.மீ. கயிறு 12ஐத் தொட்டால் மாற்றிவிடுங்கள், மேலே போட்ட கணக்கில் ஆழத்து இழுப்பு 3 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். உறை பிசிறி உள்ளே ரப்பர் தெரிந்தாலோ, வளைத்துப் பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் மெலிந்து தெரிந்தாலோ அளக்கவே வேண்டாம், உடனே மாற்றுங்கள். அடிக்கடி முங்குகிறவர்கள் எப்படியும் வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு வளையத்தையும் ஒன்றாக. ஒரு முனையில் முடிச்சு போட்டு, மறுமுனையில் குறி மட்டும் போட்ட இரண்டு துண்டுகளை, சின்ன ஆணியோடும் குறடோடும் உதிரிப் பையில் வைத்திருந்தால், அலிவாலுக்குப் போகும் உம்கோமாஸ் கரையில் படகு புறப்படுவதற்கு முன்பே மாற்றிவிடலாம்.